திருநீற்றில் ஒரு கோடு

எங்கள் ஃபேக்டரி அக்காவுக்கு எல்லாவற்றுக்கும் பயம். நாய், இடி, குக்கர் விசில், மரப்படி, யாராவது பின்னாலிருந்து கூப்பிடுவது, ரொம்ப நேரம் யாருமே கூப்பிடாமல் இருப்பது. தேயிலைக்குள் காட்டெருமை நின்றால் நாங்கள் எல்லோரும்தான் பயப்படுவோம். அக்காவோ காட்டெருமை போய் இரண்டு நாள் கழித்தும் அந்தக் குறுக்குப் பாதையில் இறங்க மாட்டார். ரோட்டைச் சுற்றி நடந்து, அரை மணி நேரம் தாமதமாக வந்து, சொட்டும் குடையோடு என் மேஜைக்கு முன்னால் நிற்பார்.

"பயமா இருந்துச்சுங்க சார்."

இதைச் சொல்ல அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. சளி பிடித்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்வார். எனக்குத்தான் எரிச்சல் வரும். நான் அப்போது கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர். ஆணியிலிருந்து பெல்ட் வரை எது வெளியே போனாலும் என் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடுகிறவனுக்குத் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தது.

அக்காவின் வேலை துரு எடுப்பது. ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு பழைய ஒர்க்‌ஷாப் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. புதிதாக வந்த மேனேஜர் அதைத் திறக்கச் சொன்னார். உள்ளே பைப் ரெஞ்ச், சம்மட்டி, ஜாக்கி, சங்கிலி, கொக்கி என்று ஒரு லாரிச் சாமான். எல்லாம் ஒரே செம்மண் நிறம். "புதுசு எதுக்கு? இதையே கிளீன் பண்ணி எடுங்க" என்றார் மேனேஜர். அதற்காகத்தான் அக்காவை வேலைக்கு எடுத்தோம். ஐம்பதை ஒட்டிய வயது. சின்ன வயதில் கோயமுத்தூரில் ஏதோ மோட்டார் கம்பெனியில் இரும்போடு பழகியவர் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

இந்த மலையில் துரு எடுப்பது ஒரு முறையோடு முடிகிற வேலை இல்லை. ஜூன் பிறந்தால் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்குத் தேய்த்து வைத்த ஸ்பேனரில் நாளை மறுநாள் மஞ்சள் பூத்திருக்கும். அக்கா அதற்கெல்லாம் சலித்துக்கொண்டதே இல்லை. பாதியாக வெட்டிய டிரம்மில் மண்ணெண்ணெய் ஊற்றி, சாமானை ஒரு நாள் முழுக்க ஊறப் போடுவார். பிறகு கம்பி பிரஷ். பிறகு செங்கல் பொடி. பிறகு உப்புத்தாள், முதலில் கரடு, அப்புறம் நைஸ். கடைசியில் பனியன் வேஸ்டால் துடைப்பார். துடைத்த துணியில் கறுப்பு ஒட்டாமல் வரும்வரை துடைப்பார். அதுவரைக்கும் அந்தச் சாமானை யாரும் தொடக்கூடாது. மூன்றடி தள்ளி நின்றால்கூட அவர் தோள் இறுகிவிடும்.

இத்தோடு முடித்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். துடைத்த பிறகு இடுப்பிலிருந்து ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை எடுப்பார். கொக்கி, சங்கிலி, சம்மட்டித் தலை என்று கனமான சாமான்கள்மேல் மட்டும் அதை மெல்லிசாகப் பூசி, ஸ்டோர் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலையில் வந்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் என்னிடம் கொடுப்பார்.

இதில் எங்களுக்கு என்ன வேடிக்கை என்றால், அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. "ஒரு சாமி பத்தாதுன்னு இன்னொரு சாமியையும் பிடிச்சு வெச்சிருக்குது அந்தக்கா" என்று என் தம்பி சொல்லிச் சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன். பயந்தவர் எதையாவது பிடித்துக்கொள்வார்தானே என்று நினைத்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்குத்தான் காரணம் தெரிந்திருந்ததே!

அவர் பயத்துக்கும் நாங்களே ஒரு கதை கட்டியிருந்தோம். வீட்டுக்காரர் ஏதோ மிஷினில் மாட்டிச் செத்திருக்க வேண்டும், கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று. ஒரு மழை நாளில் குடை கொடுக்க ஒரு மனிதர் வந்து நின்றார். நல்ல திடகாத்திரமான ஆள், குன்னூர் மார்க்கெட்டில் முட்டை வியாபாரம். "என்ற ஊட்டுக்காரருங்க" என்றார் அக்கா. எங்கள் கதை அன்றைக்கே செத்துப்போனது. பிறகு எப்படி இவ்வளவு பயம் என்று கேட்டே விட்டேன்.

"பொறந்ததுல இருந்தே இப்படித்தானுங்க சார். உங்களுக்கெல்லாம் எப்படி இல்லாம இருக்குதுன்னுதான் எனக்குத் தெரியலீங்க."

மேலே தொங்குகிற எதற்கும் அடியில் அவர் நிற்க மாட்டார். ஒர்க்‌ஷாப்பில் குண்டு பல்புக்கு அடியில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. அதை நகர்த்தி, வெளிச்சம் போதாத மூலையில் உட்கார்ந்துதான் வேலை செய்வார். தேயிலையை நசுக்கி நறுக்கும் கனத்த இரும்பு உருளைகள் ஓடுகிற ஹாலுக்குள் அவர் காலே வைத்ததில்லை. அந்த உருளைகளைப் பல் தீட்டுவதற்காக அவ்வப்போது கழற்ற வேண்டும். உத்தரத்தில் ஒரு செயின் பிளாக் மாட்டி, சங்கிலியை இழுத்து, உருளையைக் கொக்கியில் தூக்குவார்கள். அது தொங்கும்போது கீழே குனிந்து பேரிங்கைத் துடைப்பது ஃபிட்டர் வேலை. என் தம்பிதான் ஃபிட்டர். இருபத்தாறு வயது. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவன் நான். அம்மாவுக்கு அவன் என் பொறுப்பு.

அவன் விசிலடித்துக்கொண்டே உருளைக்கு அடியில் கையை விடுவான். ஹால் வாசலில் நின்றே அக்கா கண்ணை மூடிக்கொள்வார்.

"தம்பி, விசிலடிக்காதீங்க. சங்கிலி பேசுனா கேக்காதுங்க."

"சங்கிலி என்னக்கா பேசப்போகுது? நல்லா இருக்கீங்களான்னு கேக்குமா?"

ஒருமுறை ஒரு சம்மட்டியைத் தரமாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டார். தட்டினால் சத்தம் சரியில்லையாம். தம்பி சிரித்துக்கொண்டே பிடுங்கிப் போனான். அன்றைக்கு முழுக்க அதால் அடித்தான். ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "உசிரோட வந்திருக்கேன்க்கா" என்று கும்பிட்டான். அக்காவும் சிரித்தார். அவர் பயந்ததில் முக்கால்வாசி இப்படித்தான், ஒன்றும் ஆகாது. அதனாலேயே மீதிக் கால்வாசியை நாங்கள் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்னால் அவர் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். லீவு கேட்டு வந்தார். போகும்போது திரும்பி வந்து சொன்னார்.

"சார், செயின் பிளாக் கொக்கி மட்டும் ஜன்னல்ல இருக்குதுங்க. நான் வந்து பாக்கற வரைக்கும் எடுக்க வேண்டாமுங்க. பயமா இருக்குது."

"சரிங்க, போயிட்டு வாங்க" என்றேன். இதே வாக்கியத்தை அவர் ஒரு ஸ்க்ரூ டிரைவருக்கும் சொல்லிக் கேட்டவன் நான்.

பூஜையன்று காலையில் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பதினொரு மணிக்கு மேனேஜர் குடும்பத்தோடு வருகிறார். சாமான்களையெல்லாம் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மிஷினுக்கு மாலை போட வேண்டும். தம்பி தன் புதுப் போனில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "அண்ணா, அந்த ஜன்னல்கிட்ட நில்லு, வெளிச்சம் நல்லா இருக்குது" என்றான். பட்டு வேட்டியில் நின்று ஒரு போஸ் கொடுத்தேன்.

அதற்கப்புறம்தான் கொக்கியைப் பார்த்தேன். வெள்ளைத் திருநீற்றின் நடுவில், கொக்கி வளைகிற இடத்தில், குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. தலைமுடி அளவுதான். திருநீறு ஈரமாகிவிட்டது என்று நினைத்தேன். பூஜை நாளில் திருநீறு கறுத்துக் கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? பனியன் வேஸ்டை எடுத்து அழுத்தித் துடைத்தேன். புதிதாகத் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தேன். பின்னைப் போட்டு நட்டை முறுக்கி, செயின் பிளாக்கில் நானே மாட்டினேன். மாலை போட்டதும் அது அம்மன் கழுத்து மாதிரி அழகாக இருந்தது. மேனேஜரின் சம்சாரம் நின்று பார்த்து, "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். அந்தப் பாராட்டு இரண்டு நாளைக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது.

அக்கா திரும்பி வந்தது ஒரு திங்கட்கிழமை. குடையை மடக்கும் முன்பே ஜன்னலைப் பார்த்தார்.

"சார், கொக்கி எங்கீங்க?"

"மாட்டியாச்சுங்க. பூஜைக்கு வேணுமில்ல?"

அவர் என் பக்கத்தில் வந்தார். குரல் கீழே இறங்கிவிட்டது.

"திருநீத்துல கோடு ஏதாச்சும் வந்திருந்துச்சுங்களா?"

"ஒரு கோடு இருந்துச்சு. ஈரம். துடைச்சு வேற பூசிட்டேன்."

"ஈரம் இல்லீங்க சார்." அவர் கை என் மேஜை விளிம்பைப் பிடித்தது. "மண்ணெண்ணெயில ஊறப்போட்டா விரிசலுக்குள்ள எண்ணெய் போயிருமுங்க. மேல தொடச்சாலும் உள்ள இருக்கும். திருநீறு பூசி வெச்சா அது மெதுவா வெளிய வந்து கோடு போடுமுங்க. அதுக்குத்தானுங்க பூசறது. சாக்பீஸ்தான் போடணும், இந்த ஊர்ல அது நமுத்துப் போயிருது."

எவ்வளவு சாதாரணமான விஷயம்! ஒரு வருஷமாக என் கண் முன்னால் நடந்திருக்கிறது. நான் பக்தி என்று சிரித்திருக்கிறேன்.

அப்போது ஹாலிலிருந்து சங்கிலிச் சத்தம் வந்தது. கடகடவென்று சீரான சத்தம். உருளையைத் தூக்குகிறார்கள். சத்தம் நின்றது. தூக்கி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அடுத்து விசில் சத்தம் கேட்டது.

இதை எப்படி எழுதுவது என்று எட்டு வருஷமாக யோசித்திருக்கிறேன். நான் எழுந்திருக்கவில்லை. எழ வேண்டும் என்று தெரிகிறது, என் தம்பி அங்கே இருக்கிறான் என்று தெரிகிறது, கால் வரவில்லை. கத்தவும் வாய் வரவில்லை. பயந்து எனக்குப் பழக்கம் இல்லை. வந்த முதல் பெரிய பயமே என்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டது.

அக்கா ஓடினார். எந்நேரமும் பயத்தோடே இருந்தவருக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடத் தெரிந்திருந்தது. செருப்பு ஒன்று என் மேஜைக்கருகே கழன்று கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கால் வந்தது.

நான் ஹால் வாசலுக்கு வந்தபோது, தொங்கும் எதற்கும் அடியில் நிற்காத அந்த மனுஷி, தொங்கிய உருளைக்கு அடியில் முழங்காலிட்டிருந்தார். அதற்குள் மற்ற மிஷின்களை ஓடவிட்டிருந்தார்கள், அந்த இரைச்சலில் கத்தினால் கேட்காது. தம்பி கையைத் தோள்வரை உள்ளே விட்டு பேரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தரையில் உதைத்து இழுத்தார். சட்டை கிழிந்தது. அவன் மல்லாந்து அவர் மேலேயே விழுந்தான். இரண்டு பேரும் தரையில் தேய்த்துக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

"அக்கா, பைத்தியமா உங்களுக்கு?"

அக்கா எழுந்தார். சங்கிலியை ஒருவரும் தொடக்கூடாது என்று கையால் காட்டினார். மரக்கட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, நீளக் கம்பியால் தள்ளித் தள்ளி உருளைக்கு அடியில் அடுக்க வைத்தார். அதற்கப்புறம்தான் அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். உருளை கட்டைமேல் உட்கார்ந்தது. கொக்கி உடையவில்லை. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

மறுநாள் காலையில் மேனேஜர் முன்னால் கொக்கியை வைத்தார் அக்கா. சந்தனம் குங்குமமெல்லாம் போக்கி, மறுபடியும் ஊறவைத்து, துடைத்து, திருநீறு பூசி இரவு முழுக்க வைத்திருந்தார். அதே இடத்தில் அதே கோடு. எண்ணெய் எப்படிக் கோடு போடுகிறது என்று எல்லோருக்கும் விளக்கமாகச் சொன்னார். பிறகு வைஸில் மாட்டி ஒருவர் சம்மட்டியால் அடித்தார். இரண்டாவது அடியில் கொக்கி முறிந்தது. முறிந்த முகத்தைப் பார்த்தோம். முக்கால்வாசி கறுத்துப்போன பழைய துரு. ஓரமாகக் கால்வாசி மட்டும் பளிச்சென்று புது இரும்பு. அந்தக் கால்வாசிதான் என் தம்பிக்கு மேலே உருளையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவன் வெளியே போய் வாந்தி எடுத்தான்.

"இதை ரெடின்னு குடுத்தது யாரு?" மேனேஜர் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் பேசியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். தம்பி வாசலில் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"நான்தானுங்க" என்றார் அக்கா. "பாத்தாச்சு, எடுத்துக்கங்கன்னு சார்கிட்டச் சொல்லிட்டுப் போயிட்டேனுங்க. சரியாப் பாக்கலீங்க. திங்கக்கிழமை வந்தப்பறம்தான் சந்தேகம் வந்துச்சு."

அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். கவனக்குறைவு என்று எழுதினார்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே கவனமான மனுஷியைப் பற்றி அப்படி எழுதிய தாளில், ஸ்டோர் சாமான்கள் திரும்ப வந்துவிட்டன என்று கையெழுத்துப் போட்டவன் நான். கம்பி பிரஷ் இரண்டு, டிரம் ஒன்று.

கடைசி நாளில் கேட் வரை கூடவே போனேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் ரோட்டில் நாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்கன்னு தெரிஞ்சா அந்தத் தம்பி உங்க மூஞ்சில முழிப்பாருங்களா? உங்க அம்மா? அதை நெனச்சா எனக்கு இன்னும் பயமா இருந்துச்சுங்க சார்."

அப்புறம் என்ன நினைத்தாரோ, "நீங்களே ஒருநாள் சொல்லிருவீங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. அவர்கள் குன்னூரில் வீட்டைக் காலி செய்துகொண்டு மலையிறங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தம்பி அந்தக் கதையை இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். "அந்தப் பயந்தாங்கொள்ளி அக்கா விரிசல் உட்ட கொக்கியக் குடுத்துட்டு ஊட்டுல போய் உக்காந்துருச்சுங்க. என்னைக் கொன்னுருக்கும்." ஒவ்வொரு முறையும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். முறிந்த கொக்கியின் ஒரு பாதி ஸ்டோரில் என் மேஜையின் கடைசி டிராயரில் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் வெளிப்பக்கத் துருவை எடுத்து எண்ணெய் தடவுவேன். முறிந்த முகத்தை மட்டும் தொட மாட்டேன்.

போன வாரம் மத்தியானம் தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. பழைய படங்களை அதுவாகவே எடுத்துக் காட்டுகிறதே போன், அப்படி வந்ததாம். 'அண்ணா, எவ்வளவு ஒல்லி பாரு' என்று சிரிக்கும் பொம்மையோடு எழுதியிருந்தான். பட்டு வேட்டியில் ஜன்னல் பக்கத்தில் நான். நல்ல வெளிச்சம். என் தோளுக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில், வெள்ளையாக ஒரு கொக்கி.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு இருந்தது.

போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். அவன் பெரிதாக்கிப் பார்க்கமாட்டான், நான் ஒல்லியாக இருந்ததைத்தானே பார்க்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நிமிஷம் இருக்கும். போன் அடித்தது.

"அண்ணா." இரைச்சல் இல்லாத இடத்திலிருந்து பேசினான். "இது பூஜையன்னிக்கு நான் எடுத்த படந்தானே?"

"ஆமா."

"உனக்குப் பின்னால அந்தக் கொக்கில..." நிறுத்திவிட்டான். அவன் ஃபிட்டர். திருநீற்றுக் கோடு என்றால் என்னவென்று அக்கா அவன் முன்னால்தான் காட்டினார். "நீ அப்பவே பாத்தியாண்ணா?"

இந்த முறையும் வாய் வராது என்றுதான் நினைத்தேன்.

"பயமா இருக்குதுடா" என்றேன்.

எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவன் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.

"அங்கயே இரு. வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கடைசி டிராயரைத் திறந்து கொக்கியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.